வெந்நீர் படக்கூடாத சாமான்

பிளேட்டை வாயிலிருந்து எடுத்தால் உடனே டப்பாவில் போட வேண்டும். துணியில் முடியக் கூடாது, பேப்பரில் மடிக்கக் கூடாது. பச்சைத்தண்ணீரில் மட்டும் கழுவ வேண்டும், வெந்நீர் படவே கூடாது. சாப்பிடும் நேரம் தவிர ராப்பகலாக வாயிலேயே இருக்க வேண்டும்.

பல் டாக்டரம்மா வாயால் சொன்னது எனக்குப் போதவில்லை. ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். நான் ஏழாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அந்தத் தாளை ஒரு நாளைக்கு நாலு தடவை படித்தேன். மனப்பாடம் ஆன பிறகும் படித்தேன், ஏதாவது ஒரு வரியை விட்டிருப்பேனோ என்று.

பத்து மாதம் ஒரு விதியும் தப்பவில்லை. பதினோராவது மாதம் ஒரே காலையில் இரண்டு விதி போயிற்று. ஒன்று நானே செய்தது. இன்னொன்று யார் செய்தது என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு மேல்வரிசை முன்பல் நாலும் வெளியே நீட்டிக்கொண்டு, இடையில் சந்து விட்டு இருக்கும். உதட்டை எவ்வளவு இழுத்தாலும் மூடாது. தூங்கி எழுந்தால் நாக்கு காய்ந்து கிடக்கும். பள்ளிக்கூடத்தில் பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் எச்சில் தெறிக்கும். முன்பெஞ்சுப் பிள்ளைகள் புத்தகத்தை விரித்துக் குடை மாதிரி தலைக்கு மேல் பிடிப்பார்கள். வாத்தியாரும் ஒரு நாள் சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று வீட்டில் கேட்டார்கள், வயிற்றுவலி என்றேன். அந்த வயிற்றுவலி அப்படியே நின்றுபோனது, பள்ளிக்கூடமும் நின்றுபோனது.

கல்யாணமாகி மலைமேல் குண்டனி நாட்டுக்கு வந்த பிறகு வேறு கஷ்டம். களத்தில் சாமை தூற்றும்போது காற்று திரும்பினால் உமி முழுவதும் என் வாய்க்குள்தான் வரும். என் வீட்டுக்காரர் சொல்லுவார், "ஏ புள்ள, களத்துல பாதி உமிய நீயே தின்னுட்டா மாட்டுக்கு என்னத்தப் போடறது?" அவர் வேடிக்கைக்குச் சொல்வதுதான். நான் முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு தூற்றுவேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். செல்போன் எங்கள் பக்கம் வராத காலம். சோளக்காட்டில் பல் முகாம் போட்டிருந்தார்கள். நான் மிளகு விற்க வந்தவள், கூட்டத்தைப் பார்த்து ஓரமாக நின்றேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருக்கும், நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, உள்ள வாங்க. உங்களத்தான்."

"எனக்குப் பல்லு வலி இல்லீங்க."

"வலி இல்லாட்டி என்ன? உதடு மூடணும்னு ஆசை இல்லையா?"

அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவள் கீழே டவுனில் பல் ஆஸ்பத்திரியில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். படிப்புக்காகச் செய்வதால் செலவு ஒன்றும் இல்லை, மாதம் ஒரு தடவை வந்து போனால் போதும் என்றாள். எனக்குச் செய்து கொடுத்தது கண்ணாடி மாதிரி ஒரு பிளேட்டு. மேலண்ணத்தில் ஒட்டி உட்காரும். அதிலிருந்து ஒரு கம்பி முன்பல்லை வளைத்துப் பிடித்திருக்கும். மாதாமாதம் கம்பியைக் கொஞ்சம் இறுக்கி, பிளேட்டைக் கொஞ்சம் ராவிக் கொடுப்பாள். பல் மெள்ள மெள்ள உள்ளே போகும்.

பிளேட்டு வாயில் இருந்தால் பிரச்சனை இல்லை. சாப்பிடுவதற்கு எடுத்தால் அதை எங்கே வைப்பது என்பதில்தான் பிரச்சனை. என் மாமியார் அதைப் பார்த்த முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வாயில கெடந்த எச்சச் சாமான அடுப்புக்கிட்டக் கொண்டாராத. சாமி மூலைப் பக்கமும் வேண்டாம்."

"டப்பாவுல மூடித்தான் இருக்குதுங்க அத்தை."

"மூடி வெச்சா எச்சல் சுத்தமாயிருமா?"

அதனால் டப்பாவுக்கு இடம் வெளியே, துணி துவைக்கிற கல்லின் மேல். நான் சோற்றுத்தட்டை எடுத்துக்கொண்டு கல்லுக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொள்வேன். காக்கா வருமா, நாய் வருமா என்று பார்த்துக்கொண்டே விழுங்குவேன். பத்து மாதத்தில் நான் ஒரு வேளைச் சோற்றையும் ருசி பார்த்துச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் குடத்துத் தண்ணீரில் கழுவி, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, மாட்டிக்கொண்டு, மாட்டியது சரிதானா என்று நாக்கால் மூன்று தடவை தடவிப் பார்ப்பேன்.

எட்டாவது மாதம் என்று நினைக்கிறேன், தினை தூற்றிக்கொண்டிருந்தோம். காற்று திரும்பி உமி முகத்தில் அடித்தது. நான் வழக்கம்போலத் துப்பப் போனேன். துப்புவதற்கு ஒன்றும் இல்லை. கையை வைத்துப் பார்த்தேன். மேல் உதடும் கீழ் உதடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். "என்ன புள்ள, கண்ணுல விழுந்திருச்சா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் மறுபடியும் மூடாமல் போய்விடுமோ என்று பயம்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. அதற்கு முன்னால் பல் உள்ளே போகுமா என்று பயந்தேன். போன பிறகு திரும்ப வந்துவிடுமோ என்று பயந்தேன். டாக்டரம்மாவே சொல்லியிருந்தாள், பல்லுக்குப் பழைய இடம் மறக்காது, பிளேட்டு இல்லாமல் விட்டால் கிளம்பிவிடும் என்று.

பத்தாவது மாதம் போனபோது அவள் இன்னொன்றும் சொன்னாள். "அக்கா, அடுத்த மாசம் நீங்க வர்ற வியாழக்கிழமைதான் இங்க எனக்குக் கடைசி நாள். பன்னெண்டு மணிக்குள்ள வந்துருங்க. கடைசியா ஒரு தடவை இறுக்கி, எங்க பெரிய டாக்டர்கிட்டக் காட்டி முடிச்சிட்டா, அப்புறம் ராத்திரிக்கு மட்டும் போட்டாப் போதும். வராம விட்டீங்கன்னா அடுத்து வர்றவங்க எப்போ எடுப்பாங்க, எடுப்பாங்களான்னே எனக்குத் தெரியாது."

அந்த ஒரு மாதமும் நான் வியாழக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை ஏழு மணி பஸ். சந்தைச் சாமான் ஏறியதால் நிற்க இடமில்லை. எனக்கு ஜன்னலோரம் ஒரு சீட்டுக் கிடைத்தது. மடியில் வைத்திருந்த மஞ்சப்பையைக் கண்டக்டர் பிடுங்காத குறையாக வாங்கி முன்னால் போட்டார். அதன் மேல் பலாப்பழ மூட்டை, அதன் மேல் வாழைத்தார். பிளேட்டு டப்பா அந்தப் பைக்குள் இருந்தது. பிளேட்டு வாயில்தானே இருக்கிறது, டப்பா இப்போது எதற்கு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிட்டால் எடுக்க வேண்டிவரும்.

மலைப் பஸ்ஸில் ஒரு பழக்கம் உண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவு. எத்தனை வருஷம் போய்வந்தாலும் சிலருக்குத் தலை சுற்றும். அதனால் பெண்கள் கைக்குட்டையில் ஒரு எலுமிச்சம்பழத்தை முடிந்து கொண்டுவருவார்கள். மோந்துகொண்டே வந்தால் குமட்டல் அடங்கும். அந்தப் பழம் பஸ் ஏறும்வரைதான் நம்முடையது. ஏறிய பிறகு யாருக்கு முடியவில்லையோ அவர்களுடையது. கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. வாங்கியவர் திருப்பித் தரவும் வேண்டியதில்லை, அடுத்து வாந்தி வருகிறவருக்கு முடிச்சோடு கொடுத்துவிடுவார். அடிவாரம் வருவதற்குள் ஒரு பழம் பஸ்ஸையே ஒரு சுற்று வந்துவிடும். யாருடைய கைக்குட்டை யாரிடம் போனது என்று யாரும் தேடுவதில்லை.

வளைவுகளுக்கு நம்பர் பலகை உண்டு. இறங்கும்போது எழுபதிலிருந்து குறைந்துகொண்டே வரும். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஐம்பத்திரண்டில் வயிறு புரட்டியது. வெறும் வயிறு இன்னும் மோசம் என்பது அன்றுதான் தெரிந்தது. முன்பு இரண்டு தடவை வாந்தி வந்தபோது பிளேட்டை நாக்கால் மேலே அழுத்திப் பிடித்துச் சமாளித்தேன். இந்தத் தடவை ஒரு மாதத்தில் பக்கத்துக் கொக்கி தளர்ந்திருந்தது. வாந்தியோடு ஜன்னல் வழியாகப் பாய்ந்து போய் எந்தப் பள்ளத்தில் விழுமோ? டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளில் வாந்திக்கு ஒரு விதியும் இல்லை.

நாற்பத்தாறாவது வளைவில் ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் மறைத்துப் பிளேட்டை எடுத்துவிட்டேன். டப்பா மூட்டைக்கு அடியில். கையில் இருந்தது எலுமிச்சம்பழம் முடிந்த கைக்குட்டை மட்டும். துணியில் முடியக் கூடாது, துணியில் முடியக் கூடாது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கை முடிச்சை அவிழ்த்து, பழத்துக்குப் பக்கத்தில் பிளேட்டை வைத்து, இரண்டு முடிச்சாகப் போட்டது. அரை மணி நேரம்தானே, அடிவாரத்தில் எடுத்து மாட்டிவிடலாம்.

அப்புறம் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். முன்சீட்டிலிருந்து ஒரு குரல்.

"அக்கா, பழம் இருந்தாக் குடுங்களேன். எங்கம்மாவுக்குச் சுத்தமா முடியலீங்க."

கண்ணைத் திறக்கவில்லை. பழகின கை. கொடுத்துவிட்டது.

அடிவாரத்துக் காரவள்ளி வந்தது, பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், பஸ் மறுபடி கிளம்பியது. எல்லாம் காதில் விழுந்தது. சமவெளிக் காற்று சூடாக முகத்தில் பட்ட பிறகுதான் கொஞ்சம் தெளிந்தேன். தெளிந்ததும் நாக்கு தன்னால் மேலே போயிற்று. வழுவழுவென்று இருக்க வேண்டிய இடத்தில் வரிவரியாகச் சதை.

மடியைப் பார்த்தேன். சீட்டுக்குக் கீழே பார்த்தேன். முன்சீட்டுப் பெண்ணின் தோளைத் தட்டினேன்.

"கண்ணு, அந்தப் பழம்?"

"அப்பவே அந்தப் பக்கம் குடுத்துட்டேனுங்க அக்கா. அந்த அண்ணனுக்கு."

அந்த அண்ணன், "நானு இஞ்சின் பெட்டிமேல உக்காந்திருந்த அம்மாகிட்டக் குடுத்தேன்" என்றார். இஞ்சின் பெட்டிமேல் யாரும் இல்லை.

எழுந்து கண்டக்டரிடம் போனேன். கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினேன். "ஏனுங்க, பஸ்ஸக் கொஞ்சம் நிறுத்துங்க. எலுமிச்சம்பழம் போயிருச்சுங்க."

"எலுமிச்சம்பழத்துக்கா பஸ்ஸ நிறுத்தச் சொல்றே? சேந்தமங்கலத்துல நானே ஒண்ணு வாங்கித் தாரேன், உக்காரு தாயி."

"பழம் வேண்டாமுங்க. அதுல என் பல்லு இருக்குதுங்க."

பஸ் முழுவதும் ஒரே சிரிப்பு. பின்னாலிருந்து ஒருவர், "பல்ல முடிஞ்சா குடுத்தே? வாங்கினவங்களக் கடிச்சிரப் போவுது, பாத்துக்க!" என்றார். இன்னொருவர், "இந்த வயசுல செட்டுப் பல்லா?" என்றார். முன்பெஞ்சுப் பிள்ளைகள் புத்தகத்தை விரித்துப் பிடித்தது போலவே இருந்தது. ஓடி ஒளிய வயிற்றுவலிகூட இல்லை. நான் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"செட்டுப் பல்லு இல்லீங்க. பல்ல உள்ள தள்ற பிளேட்டு. பத்து மாசம் போட்டிருக்கேன். அது இல்லாட்டி எல்லாம் பழையபடி ஆயிருமுங்க. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில காட்டணும்."

சிரிப்பு நின்றது. டிரைவர்தான் முதலில் பேசினார். "இஞ்சின் பெட்டிமேல உக்காந்திருந்த அம்மா காரவள்ளியிலயே எறங்கிருச்சு. அடிவாரத்துல காடு வெச்சிருக்கறவங்க. ரோஸ் கலர் சேலை." சொல்லிக்கொண்டே ஓரம் கட்டினார். இரண்டு பேர் பலாப்பழ மூட்டையைத் தூக்கி என் மஞ்சப்பையை உருவிக் கொடுத்தார்கள்.

வந்த வழியே திரும்பி நடந்தேன். நடந்தேன் என்று சொல்கிறேன், பாதித் தூரம் ஓட்டம்தான். ஓடிக்கொண்டே கீழ் உதட்டால் பல்லை அழுத்திப் பிடித்தேன். பல் கிளம்பிவிட்டதா என்று கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை தொடும்போதும் கொஞ்சம் நகர்ந்த மாதிரியே இருந்தது. எதிரே சைக்கிளில் வந்தவரை மணி கேட்டேன், ஒன்பது என்றார். அந்த அம்மா பழத்தைப் பிழிந்துவிட்டு முடிச்சைக் குப்பையில் எறிந்திருந்தால்? கழுவ ஓடைக்குப் போயிருந்தால்? பிள்ளை குட்டி எடுத்து விளையாடியிருந்தால்? இப்படி ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து, ஒவ்வொன்றுக்கும் அழுதுகொண்டே காரவள்ளி வந்து சேர்ந்தேன்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. டீ மாஸ்டர், அறுபது வயதிருக்கும், என்னைப் பார்த்ததுமே ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"வா கண்ணு வா. பழத்தோட வேற என்னமோ முடிஞ்சிருக்குது, அழுதுகிட்டு ஒரு பொண்ணு தேடி வரும், குடுத்துருன்னு அந்தம்மா சொல்லிட்டுத்தான் போச்சு."

பலகைமேல் ஒரு கண்ணாடி கிளாஸ், தட்டுப் போட்டு மூடியிருந்தது. அதற்குள் என் பிளேட்டு. கம்பி நெளியாமல், உடையாமல், பளபளவென்று. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முகமெல்லாம் பெருமை.

"முடிச்ச அவுத்துப் பாத்தா எலுமிச்சம்பழச் சாறும் எச்சலும் ஒரே பிசுபிசுப்பு. இதப் போயி புள்ள வாயில வெக்குமேன்னு, கிளாஸ் கழுவற கொதிதண்ணியில போட்டு நல்லாப் புரட்டி எடுத்து வெச்சிருக்கேன். எங்கப்பன் செட்டுப் பல்ல நாந்தான் தினமும் கழுவுவேன், எனக்குத் தெரியாதா? ஒரு கிருமி இருக்காது, பயப்படாத சாமி."

அடுப்பைப் பார்த்தேன். அலுமினிய அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

கிளாஸிலிருந்து எடுத்து வாயில் வைத்தேன். இடதுபக்கம் உட்கார்ந்தது. வலதுபக்கம் உட்காரவில்லை. வலதுபக்கத்தை அழுத்தினால் இடதுபக்கம் எழும்பியது. அடியில் கல் மாட்டிய பலகை மாதிரி ஆடியது. இன்னும் அழுத்தினேன். ஈறில் வெட்டி ரத்தம் உப்புக் கரித்தது.

"சேருதுங்களா கண்ணு?"

அவர் கண்ணைப் பார்த்தேன். காலையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள்.

"சேருதுங்க" என்றேன். "ரொம்ப நல்லதுங்க."

டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நேரமில்லை என்று அடுத்த பஸ்ஸில் ஏறினேன். நாமக்கல் வரை ஆடுகிற பிளேட்டைக் கட்டைவிரலால் மேலே தாங்கிக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக் குழந்தை, "அம்மா, அந்த அக்கா வெரல் சப்புது" என்றது. சப்பினால் சப்பிக்கொண்டு போகிறேன் என்று இருந்துவிட்டேன்.

நாமக்கல்லில் பஸ் மாறி, ஆஸ்பத்திரி வாசலில் கடிகாரம் பார்த்தபோது மணி ஒன்றே கால். டாக்டரம்மா எப்போதும் உட்காரும் இடத்தில் ஆள் இல்லை. நாற்காலிமேல் உறை போட்டிருந்தது. ஒரு நர்ஸ், "உள்ள பொட்டி கட்டிக்கிட்டு இருக்காங்க, போய்ப் பாருங்க" என்றார்.

அவள் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அக்கா! பெரிய டாக்டர் பன்னெண்டே காலுக்கே கெளம்பிட்டார்" என்றாள். அப்புறம், "சரி, வாய தெறங்க" என்றாள். பிளேட்டைத் தொட்டதுமே அவள் கை நின்றது.

"சுடுதண்ணியில போட்டீங்களா?"

டீ மாஸ்டரின் முகம் ஞாபகம் வந்தது. "ஆமாங்க" என்றேன். "நாந்தான் போட்டேன்."

"எழுதிக் குடுத்தேன்ல! நீங்களா அக்கா? என்கிட்ட வர்றவங்கள்ல தாள மனப்பாடமா ஒப்பிக்கிற ஒரே ஆளு நீங்கதான். நீங்களா?"

அவளுக்குக் கோபம். கோபத்தோடேயே நாற்காலி உறையை இழுத்துப் போட்டாள். பல்லை அளந்தாள், இரண்டு தடவை அளந்தாள். "வேலை முடிஞ்சிருச்சு. இனிமே இறுக்க வேண்டியதில்ல. இது நின்ன இடத்துல நிக்கணும், அவ்வளவுதான்" என்றாள். ஒரு தட்டில் மாவு குழைத்து என் மேல்வாயில் வைத்து அச்சு எடுத்தாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எலுமிச்சம்பழம்கூட இல்லை.

"இத வெச்சு என் ஜூனியர் புதுப் பிளேட்டு செஞ்சு வெப்பா. திங்கக்கிழமை வந்து வாங்கிக்கோங்க."

"திங்கக்கிழமை வரைக்கும்?"

அவள் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. "நாலு நாள். இன்னிக்கு இருக்கற பல்லுக்குத்தான் அந்தப் பிளேட்டு சேரும். நகர்ந்துட்டா சேராது. முடிஞ்ச மட்டும் உதட்ட மூடியே வெச்சிருங்க. நாக்கால பல்லத் தள்ளாதீங்க. பேச்சையும் கொறச்சுக்கோங்க."

கிளம்பும்போது என் கையைப் பிடித்தாள். அவள் முகவரி கேட்க வேண்டும் என்று வழி முழுவதும் நினைத்திருந்தேன். வாயைத் திறக்கக் கூடாதே என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

நாலு நாள் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கைச்சாடைதான். என் வீட்டுக்காரர் முதல் நாள் சிரித்தார், இரண்டாம் நாள், "ஏ புள்ள, நாலு திட்டாவது திட்டேன், வூடே வூடாட்டம் இல்ல" என்றார். நான் சாடையில் காட்டியதைப் புரிந்துகொண்டு, மாமியாரிடம் விஷயத்தை அவரே சொன்னார். மாமியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்.

பகலில் உதட்டை மூடி வைத்துக்கொள்ளலாம். தூக்கத்தில் என்ன செய்வது? ஒரு பழைய வேட்டியைக் கிழித்துத் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் இறுக்கி முடிந்துகொண்டு படுத்தேன். விடிந்து வாசல் தெளிக்க வந்த மாமியார் என்னைப் பார்த்துக் கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டார்.

"அய்யோ சாமீ! அவுறு, அவுறு அத! செத்த பொணத்துக்குத்தான் தாடை கட்டுவாங்க. உசுரோட இருக்கறவ இப்படிக் கட்டலாமா?"

அவரே முடிச்சை அவிழ்த்தார். நான் வாயை மூடியபடி பல்லைச் சுட்டிக் காட்டினேன், கையை விரித்தேன். அவர் கீழே கிடந்த சொம்பை எடுத்தார்.

"பேசாம இருந்தாத்தானே நிக்கும்? பேச்ச நான் பாத்துக்கறேன். இந்தக் கட்டு மட்டும் வேண்டாம்."

அதன்பிறகு யார் வந்தாலும் எனக்குப் பதிலாக அவரே பேசினார். மிளகு வியாபாரி வந்து விலை கேட்டபோது, நான் விரலால் காட்டியதைவிட ஐந்து ரூபாய் கூட்டிச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி, "உம் மருமகளுக்கு என்ன, கோவமா?" என்று கேட்டதற்கு, "பல்லுக்கு விரதம் இருக்கா" என்றார். இரண்டாவது நாளிலிருந்து கட்டு இல்லாமல் குப்புறப் படுத்து, முஷ்டியைத் தாடைக்கு அண்டக் கொடுத்துத் தூங்கினேன். விடிந்ததும் முதல் வேலை கட்டைவிரலை வைத்துப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை காலை இடதுபக்கம் இரண்டு பல்லுக்கு நடுவில் நகம் நுழைகிற மாதிரி இருந்தது. முன்பும் நுழைந்ததா, இப்போதுதான் நுழைகிறதா? அன்று முழுவதும் அதையேதான் யோசித்தேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் எலுமிச்சம்பழம் மட்டும் முடிந்து எடுத்துப்போனேன். மஞ்சப்பை என் கழுத்தில். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் பைக்குக் கை நீட்டவில்லை. முப்பத்தெட்டாவது வளைவில் யாரோ பழம் கேட்டார்கள். முடிச்சைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் புதுப் பெண் டாக்டர் பிளேட்டைத் தண்ணீர் டப்பாவிலிருந்து எடுத்தாள். வாயைத் திறந்தேன். இரண்டு கட்டைவிரலாலும் மேலே தள்ளினாள். முன்பக்கம் தட்டியது, ஏறவில்லை. "மூச்சை விடுங்க அக்கா, ஏன் பிடிச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள். விட்டேன். மறுபடி தள்ளினாள். பல் நாலும் சேர்ந்து வலித்தது. அப்புறம் டக் என்று ஒரு சத்தம், மண்டைக்குள் கேட்டது.

"லேசா நகர்ந்திருந்துச்சு போல. இது இழுத்துக்கும், கொஞ்ச நாளைக்குப் பகல்லயும் போட்டிருங்க" என்றாள். நாக்கை மேலே கொண்டுபோனேன். வழுவழுவென்று இருந்தது. நாலு நாளுக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை, "இதயும் வெந்நீர்ல போடக் கூடாதுங்களா?" என்பதுதான். அவள், "எழுதித் தரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

திரும்பும்போது பஸ் காரவள்ளியில் பத்து நிமிஷம் நின்றது. டீ மாஸ்டர் என்னை ஜன்னலில் பார்த்துவிட்டு ஒரு டீயோடு வந்தார்.

"என்ன கண்ணு, பல்லு சௌக்கியமா?"

உதட்டைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"பாத்தியா, கண்ணாடியாட்டம் மின்னுது! அன்னிக்கு நான் கழுவின கழுவு."

"ஆமாங்க" என்றேன். "நீங்க கழுவினதுதான்."

"சூடா இருக்குது, குடி."

மஞ்சப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்தேன். பிளேட்டைக் கழற்றி அதில் போட்டு மூடினேன். மூடியதை ஒரு தடவை அழுத்தினேன், இன்னொரு தடவையும் அழுத்தினேன். டீயை வாங்கிக் குடித்தேன். நல்ல டீ, ஏலக்காய் போட்டிருந்தார். கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துத் துப்பி, டிரைவர் ஏறுவதற்குள் பிளேட்டை எடுத்து மாட்டினேன். சேர்ந்தது. முதல் வளைவு வருவதற்கு முன்னால் உதட்டை மூடிக்கொண்டேன்.